வார்டு வேட்பாளர்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் சண்டையில்லாமல் உட்கார்ந்து பேசுவது எப்படி

பார்லிமென்டுக்கு நிற்பவரைப் பற்றி டிவி முன்னால் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டுத் தூங்கப் போகலாம். வார்டுக்கு நிற்பவர் அப்படியில்லை. மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் கேனைப் பிடித்துக்கொண்டு நமக்கு முன்னால் நிற்பார், அவர் மருமகள் நம் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கப் பெண்கள் சேர்ந்த குழு) இருப்பாள், அவர் தென்னந்தோப்பு வழியாகத்தான் நம் வீட்டுக்குப் பாதையே இருக்கும். அதனாலேயே வார்டு தேர்தலைப் பற்றி யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் பகை, பேசாவிட்டால் ஐந்து வருஷம் சந்து இருட்டு.

நான் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். ஏழெட்டு வருஷம் அயல்கூட்டச் செயலாளராக இருந்தவள், எந்தக் கட்சியிலும் இல்லை. 2020 பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் தெருக்காரர்களைக் கூட்டி வேட்பாளர்களைப் பற்றிப் பேசலாம் என்று முயற்சி செய்து, பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது. 2025 டிசம்பர் தேர்தலுக்கு மறுபடி செய்தோம், நன்றாக நடந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன், உங்கள் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

முதலில், 2020-ல் நாங்கள் செய்த தப்பு. கொரோனா காலம், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்து, மூன்று வேட்பாளர்களையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டோம். கூப்பிட்டால் அவர்கள் தனியாகவா வருவார்கள், ஆளுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் கேள்விக்கே ஒரு பக்கம் கைதட்டல், இன்னொரு பக்கம் கூச்சல், அண்ணன் தம்பி மக்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க வந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அங்கே மிச்சம் இருந்தது மூன்று கட்சிக்காரர்கள் மட்டும்தான்.

அதனால் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: முதல் கூட்டத்துக்கு வேட்பாளரைக் கூப்பிடாதீர்கள். இரண்டு கூட்டம் போட முடிந்தால் இரண்டாவதற்குக் கூப்பிடுங்கள், ஒன்றுதான் முடியும் என்றால் வேட்பாளர் இல்லாத கூட்டத்தையே போடுங்கள். வேட்பாளர் எப்படியும் நம் வாசலுக்கு இரண்டு தடவை வருவார், அவர் சொல்வதைக் கேட்க வாய்ப்பு இருக்கிறது. கிழக்கு வீதிக்காரர்களுக்கு என்ன கஷ்டம் என்று மேற்கு வீதிக்காரர்கள் கேட்கத்தான் வாய்ப்பே இல்லை.

நாளைப் பற்றி. 2025-ல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் நவம்பர் 24, எங்கள் மாவட்டத்தில் ஓட்டு டிசம்பர் 11. நடுவில் 17 நாள்தான். டிசம்பர் 9 சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டிக்கலாசத்தோடு (மேளதாளத்தோடு நடக்கும் கடைசி ஆர்ப்பாட்டம்) பிரச்சாரம் முடிந்துவிடும், அதற்கப்புறம் இந்த மாதிரிக் கூட்டமே கூடாது. ஆகவே மனுக்கள் முடிவான பிறகு வந்த ஞாயிறு, நவம்பர் 30, முதல் கூட்டம். டிசம்பர் 7 ஞாயிறு இரண்டாவது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்குள் முடித்தோம். கறவைக்கு ஐந்து மணிக்கு ஆட்கள் எழுந்தே ஆக வேண்டும், அதைத் தாண்டி இழுத்தால் பெண்கள்தான் முதலில் கிளம்புவார்கள்.

இடம். இதை யோசிக்காமல் முடிவு செய்தால் மற்றதெல்லாம் வீண். வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் சிலர் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள், ஏன் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் முன்னால் வைத்தாலும் அதே கதை. அங்கன்வாடி, பள்ளிக்கூடம் போன்ற அரசுக் கட்டடங்களைத் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது தொடாமல் இருப்பது நல்லது. நாங்கள் கடலை காயப்போடும் பொதுக் களத்தில், வேப்பமரத்தடியில் வைத்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பாய், யாருக்கும் நாற்காலி கிடையாது, முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் ஸ்டூல். சுக்குக் காப்பி எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில். போகும்போது ஆளுக்குப் பத்து ரூபாய் டப்பாவில் போட்டார்கள், செலவு சரியாகிவிட்டது. ஒரு வேட்பாளரின் ஆள் வந்து ‘காப்பிச் செலவை நாங்க பார்த்துக்கறோமுங்க’ என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், ஒருவரிடம் ஒரு டம்ளர் காப்பி வாங்கினாலும் அது அவர் கூட்டம் ஆகிவிடும்.

மைக் வேண்டாம். மைக் வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டும், அதைவிட முக்கியம், மைக்கைக் கையில் எடுத்தால் சாதாரண மனுஷனும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுகிறார். நாற்பது பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செல்போனில் வீடியோ எடுப்பதை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள், தப்பித்தவறி ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

நடத்துவது யார் என்பது அடுத்த தலைவலி. வேட்பாளருக்குச் சொந்தம் இல்லாத ஆள் என்று தேடினால் எங்கள் வார்டில் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சான். அதனால் இரண்டு பேரைப் போட்டோம், தமிழ் வீட்டிலிருந்து ரிடையர் ஆன அங்கன்வாடி டீச்சர் ஒருவர், மலையாள வீட்டிலிருந்து ஒரு பெண். ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் பிடித்துக்கொள்ளலாம், நீ உன் ஆட்களுக்குத்தான் நேரம் கொடுக்கிறாய் என்ற பேச்சும் எழாது. நோட்டீஸ், பஞ்சாயத்துக் காகிதம் எல்லாம் மலையாளத்தில் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சரளமாகப் படிப்பார்கள், அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். யார் எந்த மொழியில் பேசினாலும் டீச்சர் இரண்டு வரியில் மற்ற மொழியில் சொல்லிவிடுவார். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும்.

அப்புறம் கேள்விகள். வாயால் கேட்கச் சொன்னால் வழக்கமாகப் பேசுகிற நான்கு பேர்தான் பேசுவார்கள். தினசரிக் காலண்டரில் கிழித்துப்போட்ட தாள்களை எடுத்துவைத்து, பின்பக்கம் ஒரு தாளுக்கு ஒரு கேள்வி, பேர் போடாமல், எழுதி டப்பாவில் போடச் சொன்னோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி எட்டாம் வகுப்புப் பையனிடம் குனிந்து மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ‘பைப்புல தண்ணி விடற நேரத்தை முன்னாடியே சொல்லிட்டு விடச் சொல்லு கண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு விட்டா நான் எப்படி எந்திரிச்சுப் புடிப்பேன்?’ பையன் அதை ‘குடிநீர் விநியோக நேரம்’ என்று சுருக்கி எழுதப் பார்த்தான், பாட்டி விடவில்லை, சொன்னபடியே எழுத வைத்தார். கேள்வி அந்தந்த ஆள் வாயில் வந்தபடியே இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

தாள்களைச் சேர்த்த பிறகு எல்லார் முன்னாலும் படித்து மூன்று கும்பலாகப் பிரியுங்கள். இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் தகும். மெம்பரே பார்க்கக்கூடியது முதல் கும்பல்: தெருவிளக்கு, வார்டுச் சாலை, ஓடை, லைஃப் என்கிற அரசு வீட்டுத் திட்டப் பட்டியலில் யார் பெயர் எப்படி வந்தது, வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுத்துப்போகும் பிளாஸ்டிக், தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலையை எந்த இடத்தில் எடுப்பது, கிராமசபையை எப்போது கூட்டுவது. பஞ்சாயத்து மற்றவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது இரண்டாவது: கோடையில் டேங்கர் லாரித் தண்ணீர், பஸ், ஆஸ்பத்திரிக்கு டாக்டர். பஞ்சாயத்தின் கையிலேயே இல்லாதது மூன்றாவது. எங்கள் டப்பாவில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான், அதில் பாதி ஆழியாற்றுத் தண்ணீர். அது 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்துப் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்குத் தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும் என்பது கணக்கு. அது வரவில்லை என்று வார்டு மெம்பரைத் திட்டியும் பயனில்லை, நான் வந்தால் கொண்டுவருவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் நம்பவும் கூடாது. எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கேட்க வேண்டிய கேள்வி அது, தனியாக எடுத்துவையுங்கள், சட்டமன்றத் தேர்தலுக்கு ஆகும்.

இப்படிப் பிரித்தால் பஞ்சாயத்தால் எதுவும் முடியாது என்று சிலர் சோர்ந்துபோவார்கள். அவர்களுக்கு நான் சொன்னது பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தைப் பற்றி. அங்கே பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை வந்து கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று 2002 ஏப்ரலில் மக்கள் போராட ஆரம்பித்தார்கள், மறு வருஷம் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து அந்த ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று முடிவெடுத்தது, கோர்ட்டுக்கும் போனது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நம் வார்டு மாதிரி வார்டுகளிலிருந்து போய் உட்கார்ந்த மெம்பர்கள்தான் அந்தத் தீர்மானத்தைப் போட்டவர்கள். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

இனி வேட்பாளர்களைப் பற்றிப் பேசும் நேரம். இதற்கு நாங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான். தானே பார்த்தது, தனக்கு நடந்தது, காகிதத்தில் இருப்பது, இந்த மூன்றை மட்டும் சொல்லலாம். ‘சொல்லிக்கறாங்க’, ‘கேள்விப்பட்டேன்’ என்று ஆரம்பித்தால் டீச்சர் கையைத் தூக்குவார், பேச்சு அங்கேயே நிற்கும். குடும்ப விஷயம், சாதி, மதம், குணம் நடத்தை எதுவும் கூடாது, பெண் வேட்பாளர்களைப் பற்றி இந்த மாதிரிப் பேச்சுதான் முதலில் கிளம்பும் என்பதால் அதில் கறாராக இருங்கள். முதல் பத்து நிமிஷத்தில் டீச்சர் ஐந்து தடவை கை தூக்க வேண்டியிருந்தது. பிறகு ஆட்களே பழகிவிட்டார்கள், ஒருவர் வாயைத் திறந்து ‘சொல்லிக்க...’ என்று ஆரம்பித்துத் தானே நிறுத்தி, ‘இல்லீங்க, நான் பார்க்கலை’ என்று உட்கார்ந்துவிட்டார். வேட்பாளரின் வீட்டார் கூட்டத்தில் இருந்தால் இருக்கட்டும், அவர்களும் ஓட்டுக்காரர்கள்தான், கடைசியில் பேசச் சொல்லுங்கள்.

காகிதம் என்றேனே, அதற்கு முன்கூட்டியே வேலை இருக்கிறது. வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை வாங்கி ஒருவர் நிதானமாகப் படித்துக்காட்டட்டும், விமர்சனம் சேர்க்காமல். ஏற்கெனவே மெம்பராக இருந்தவர் மறுபடி நின்றால், ஐந்து வருஷத்தில் வார்டில் என்னென்ன வேலை, எவ்வளவு தொகை, கிராமசபை எத்தனை தடவை கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், கட்டணம் பத்து ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் தேர்தல் அறிவித்த பிறகு போட்டால் ஓட்டு முடிந்துதான் பதில் வரும். செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

யாருக்கு ஓட்டு என்று கை தூக்கச் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே பொதுமக்கள் முன்தேர்தலில் முடிவு செய்கிறார்கள், அயோவா மாநிலத்தில் அதற்காக அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் கூடுவது பழைய வழக்கம். 2020-ல் அங்கே டெமாக்ரடிக் கட்சிக்காரர்கள் கூடியபோது, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, பிடித்தவர் மூலையில் போய் நிற்க வேண்டும், பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் ஆள் சேராத மூலை கலைந்து மற்ற மூலைக்குப் போகலாம், அப்போது பக்கத்து வீட்டுக்காரரே வந்து எங்கள் பக்கம் வாருங்கள் என்று பேசிப்பார்ப்பார். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் வேட்பாளரைக் கட்சிக் கமிட்டி முடிவு செய்கிறது, நம்மிடம் இருப்பது அந்தத் திரைக்குப் பின்னால் அழுத்தும் பட்டன் மட்டும்தான். தோப்பில் வேலை கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கூலிக்காரர் எந்த மூலையில் போய் நிற்பார்? நம் கூட்டத்தில் கேள்வியை எல்லாரும் சத்தமாகக் கேட்கலாம், பதிலை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது கூட்டத்துக்கு வேட்பாளர்களைக் கூப்பிடும்போது கேள்விகளை முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள், ஒளிவுமறைவு வேண்டாம். ஆளுக்குத் துணைக்கு ஒருவர் மட்டும். ஒரே நேரத்தில் வேண்டாம், அரைமணிக்கு ஒருவராக வரச் சொல்லி, வரிசையைச் சீட்டுப் போட்டு எடுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷம், செல்போனில் அலாரம். மற்ற வேட்பாளர் பெயரை எடுத்தால் நிறுத்திவிடுங்கள். வராதவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவர் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கான வார்டு. கேரளத்தில் 2010 தேர்தலிலிருந்து பாதி வார்டுகள் பெண்களுக்கு. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்வது பல இடங்களில் வீட்டுக்காரர்தான். எங்கள் கூட்டத்திலும் ஒரு வேட்பாளரிடம் தெருவிளக்குக் கேள்வியைக் கேட்டதும் அவர் கணவர், ‘அதுங்க, நம்ம கட்சி வந்து...’ என்று எழுந்தார். அந்தப் பைப்புப் பாட்டிதான் சொன்னார்: ‘மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க. கண்ணு, நீ சொல்லு. உனக்குத்தானே ஓட்டுப் போடறோம்.’ அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார், பிறகு எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று சந்து சந்தாகச் சொன்னார், ஏழு கம்பம், தினமும் அந்த வழியில் நடப்பவர் என்பதால் எல்லாம் தெரிந்திருந்தது. அலாரம் அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. துணைக்கு வருபவர் பேசக் கூடாது என்ற விதியை முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கணவருக்கும் சங்கடம் வந்திருக்காது, நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் ஓட்டுப் போடும் முறைக்கு வையுங்கள். கிராமத்தில் நமக்கு மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாப் பஞ்சாயத்துக்கு நீலம். பலர் முதல் மெஷினில் அழுத்திவிட்டு வந்துவிடப் பார்க்கிறார்கள். மூன்றில் ஏதாவது ஒன்றில் போட விருப்பமில்லை என்றாலும் கடைசியில் ‘எண்டு’ பட்டனை அழுத்த வேண்டும், இந்தத் தேர்தலில் நோட்டா கிடையாது. பிளாக், ஜில்லா வேட்பாளர்கள் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள், எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர்கள் யார் என்றே தெரியவில்லை. பஞ்சாயத்து ஓட்டர் லிஸ்ட் வேறு, சட்டமன்ற ஓட்டர் லிஸ்ட் வேறு, போன தடவை ஓட்டுப் போட்டேனே என்று இருந்துவிடாமல் பெயரை மாதக்கணக்கில் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை வந்தால்? வரும். குரல் உயர்ந்த உடனே காப்பியைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ இடைவேளை, கையில் சூடான டம்ளர் இருக்கும்போது யாரும் எழுந்து நிற்பதில்லை. அப்படியும் அடங்காவிட்டால் அந்தத் தாளை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெளியேறச் சொல்வது கடைசி வழி, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்ததும் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஜெயித்தவர் சொன்ன பதில்களை அந்தந்தக் காலண்டர் தாளின் ஓரத்தில் டீச்சர் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறார், தாள்கள் பிஸ்கட் டின்னில் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபை கூட வேண்டும், வார்டு ஓட்டர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆயிரத்து இருநூறு ஓட்டு என்றால் 120 பேர். களத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், முதலில் படிக்கப் போவது ராத்திரி இரண்டு மணித் தண்ணீர்த் தாளை.